ஐந்தாம் நாள் ரீடிங்

"அண்ணா, அஞ்சாம் நாள் ரீடிங்கையும் சேர்த்துடலாமா?"

ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த அந்தப் பெண் கேட்டது அவ்வளவுதான். "வேண்டாம்மா, ரெண்டாம் நாள் போதும்" என்றேன். அறிக்கை அப்படியே போனது.

ஹைட்ரஜன் வாயு எடுப்பதற்காகத் தூத்துக்குடி உப்பளச் சேற்றிலிருந்து வளர்த்தெடுத்த, பல வகை பாக்டீரியாக்கள் சேர்ந்த கலப்பு வளர்ப்பு அது. நைட்ரஜன் ஏற்றி அடைத்த சீரம் பாட்டிலில் இரண்டாம் நாள் வரைபடத்தில் ஹைட்ரஜன் பீக் நெட்டுக்குத்தாக எழுந்தது. ஐந்தாம் நாள் தரையோடு தரையாகக் கிடந்தது. காற்று கசிந்து ஆக்சிஜன் பட்டு, ஹைட்ரஜனை உண்டாக்கும் நொதியான ஹைட்ரோஜினேஸ் கெட்டிருக்கும் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். ஆனால் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். உப்பளத்தில் சல்பேட்டுக்குக் குறைவேயில்லை; அதைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடை விட்டிருக்கின்றன. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை நொதிக்கவைத்தால் அதிகபட்சம் 4 ஹைட்ரஜன் மூலக்கூறுதான். அந்தச் சொற்ப வரவையும் பக்கத்தில் இருந்தவையே தின்று தீர்த்துவிட்டன.

நான் சொன்னது பொய்யில்லை. அறிக்கைப் படிவம் கேட்டது உச்ச அளவை. வாயுவை உடனுக்குடன் வெளியே இழுத்துவிட்டால் தின்பதற்கு மிஞ்சாது. வாஷிங்டன் மாநிலத்துச் சோப் ஏரியில் கிடைத்த ஹாலனேரோபியம் ஹைட்ரஜெனிஃபார்மன்ஸ் என்ற பாக்டீரியா 7 சதவீத உப்பிலும் பி.எச். 11 என்ற கடும் காரத்திலும் ஹைட்ரஜன் தருகிறது. காரத்தில் ஊறிய வைக்கோலை, அந்தக் காரத்தைச் சமன்செய்யாமலே அதற்குக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கைதான் எங்களையும் இதில் இறக்கியது. அந்த நம்பிக்கை இன்றும் எனக்கு உண்டு.

ஆனால் அது தனி இனம், எங்களுடையது கலப்பு. வாயுவை இழுத்தெடுக்கும் கலனும் எங்களிடம் இல்லை. இருந்தது மூடிய பாட்டில். அதில் நடந்தது ஐந்தாம் நாள் நடந்ததுதான்.

அவள் வேறு வேலைக்குப் போனபின் அவளுடைய நோட்டைப் புரட்டினேன். அந்தத் தேதியின் ஓரத்தில் பென்சிலில், "மாலிப்டேட் சேர்த்துப் பார்க்கலாமா?" மாலிப்டேட் சல்பேட் தின்னிகளை அடக்கும், ஒரே வாரத்தில் விடை தெரிந்திருக்கும். என்னிடம் கேட்க நினைத்து, என் பதிலைக் கேட்டபின் விட்டிருப்பாளோ? இல்லை, எனக்காகத்தான் எழுதிவைத்தாளோ?

போன வாரம் புதிதாக வந்த பையன், ஐந்தாம் நாளும் பாட்டில் வாயுவை எடுத்து அளக்கும் கருவியில் ஊசி போடவா என்று கேட்டான். கட்டாயம் போடு என்றேன். அறிக்கையில் சேர்ப்பதா என்று அடுத்துக் கேட்டான்.

"முதல்ல ரீடிங் வரட்டும்பா" என்று சொல்லிவிட்டேன்.