மோனே அல்லி வாங்கிய இடம்

பிரெஞ்சு ஓவியர் மோனே, தன் ஜிவெர்னி வீட்டுக் குளத்துக்கு அல்லி வாங்கியது லாத்தூர்-மார்லியாக்கிடம். 1875-ல் பிரான்ஸின் தாம்ப்ல்-சூர்-லோ ஊரில் நாற்றுப்பண்ணை தொடங்கியவர் அவர். குளிர் தாங்கும் ஐரோப்பிய அல்லி அநேகமாக வெள்ளைதான்; அமெரிக்க இனங்கள் முதலான பிற அல்லிகளோடு கலந்து மஞ்சள், சிவப்பு கொண்டுவந்தார். 1889 பாரிஸ் கண்காட்சியில் அவற்றை வைத்தார்.

கலப்பில் சூட்சுமம் நேரம்தான். முதல் நாள் பூ பெண்; இரண்டாம் நாள்தான் மகரந்தம் தரும். நடுக்கிண்ணத்தில் திரவம் நிற்கும். அன்று காலையே அதன் மகரந்தத் தாள்களை நறுக்கிவிட்டு, வேறு செடியின் இரண்டாம் நாள் பூவின் மகரந்தத்தை அதில் போடணும். ஒருநாள் தவறினால் போச்சு. கலப்பினங்கள் பல விதையே வைக்காது, கிழங்கை வெட்டித்தான் பெருக்கணும்.

நடுவதற்குக் களிமண். மக்கிய உரம் கலந்தால் தண்ணீர் பச்சையாகும். கிழங்கைச் சாய்த்து, குருத்து வெளியே தெரிய வையுங்கள்; புதைத்தால் அழுகும். முதலில் மேலே 15 செ.மீ. தண்ணீர் போதும். நீரூற்று பக்கத்திலேயே வேண்டாம், அல்லிக்கு அசையாத நீர்தான் பிடிக்கும்.