விடியற்காலையில் மட்டும் அடம்பிடித்த எஸ்எம்பிஎஸ்

கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் ஆறு வாரமாக என்னை அலைக்கழித்த கோளாறு ஒருவழியாகப் பிடிபட்டது. சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும் ஒரு 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர்தான் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) காரணம். அதை மாற்றிய பிறகு தொடர்ந்து எட்டு நாள், கிருஷ்ணகிரியின் காலைக் குளிரில், முதல் அழுத்திலேயே கணினி எழுந்துகொண்டிருக்கிறது. இந்த மகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

மார்கழி பிறந்ததிலிருந்து, காலை ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்தினால் கணினியில் எந்த அசைவும் இருக்காது. மதர்போர்டில் உள்ள பச்சை விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்து அணையும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அந்த மினுக்கல் நின்று விளக்கு நிலையாக எரியத் தொடங்கும். அதன்பின் பொத்தானை அழுத்தினால் இரவு வரை ஒரு தொல்லையும் இல்லை. ரேம் நினைவகத்தைக் கழற்றி அழிப்பானால் தேய்த்து மாட்டினேன், பட்டன் செல்லை மாற்றினேன், பயனில்லை. நகரில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டியபோது, எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சப்ளையைத் தனியாக ஓடவிட்டு, ஃபேன் சுற்றுவதைக் காட்டி, "சப்ளை நல்லா இருக்கு, மதர்போர்டுதான் போச்சு" என்று முடிவு சொல்லிவிட்டார்கள். அந்த முடிவை நான் இன்றும் ஏற்கவில்லை. நடுப்பகலில், சுமையே இல்லாமல், ஃபேன் சுற்றுகிறது என்பது மட்டும் ஒரு சப்ளையின் நலத்துக்குச் சான்றாகாது.

வழிகாட்டியது எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றுதான். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் இரவில் சுவிட்ச் போர்டிலேயே கணினியின் இணைப்பை அணைத்துவிடுவோம். ஒருநாள் மறந்து விட்டுவிட்டேன். மறுநாள் காலை, அதே குளிரில், கணினி உடனே எழுந்தது. அப்படியானால் கோளாறு கணினி எழும் இடத்தில் இல்லை, அதற்கும் முன்னால், பொத்தானை அழுத்தும் முன்பே கணினிக்கு வந்துகொண்டிருக்கும் காத்திருப்பு மின்சாரம் பிறக்கும் இடத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கணினி சப்ளைகளுக்கென்று 1995-இல் வந்த ஏ.டி.எக்ஸ் என்ற தர வரையறைப்படி, பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை ஊதாக் கம்பியில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்க வேண்டும், 4.75-க்குக் குறையவும் 5.25-ஐத் தாண்டவும் கூடாது. மறுநாள் காலை மல்டிமீட்டரை அந்தக் கம்பியில் வைத்தபோது முள் இல்லாத மீட்டரிலேயே ஊசலாட்டம் தெரிந்தது: 0, 2.9, 0.4, 3.1 என்று எண்கள் ஏறி இறங்கின.

அடுத்த நாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தங்கையின் ஹேர் டிரையரால் சப்ளையின் காற்றோட்டத் துளைகள் வழியாக இரண்டு நிமிடம் வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தி, பிறகு பிளக்கை மாட்டினேன். ஊதாக் கம்பியில் உடனே 5.02 வோல்ட் வந்து நின்றது. குளிரில் படுத்து வெப்பத்தில் எழுகிறது என்றால் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும். உள்ளிருக்கும் திரவம் வற்ற வற்ற உள்தடை ஏறும், குளிரில் அது மேலும் ஏறும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னோட்டமாக (டி.சி.) மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது பெரிய கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கக்கூடும். 4.7 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் காப்பிட்ட கம்பி பற்றவைத்து, அதைத் தொட்டு வடித்து, மீட்டரில் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே பார்த்த பிறகுதான் கை வைப்பேன். இதில் நான் ஒருநாளும் அவசரப்படுவதில்லை.

உள்ளே ஒரு கெப்பாசிட்டர்கூட வீங்கியிருக்கவில்லை. பலர் இந்த இடத்தில்தான் மூடியை மாட்டிவிடுகிறார்கள். பெரிய கெப்பாசிட்டர்களின் தலையில் வெடிப்புக்கென்று வெட்டுக்கோடு போட்டிருப்பார்கள், ஆகவே அவை கெட்டால் புடைத்துக் காட்டும். சிறியவற்றுக்குப் பெரும்பாலும் அந்தக் கோடே கிடையாது. அவை செத்தாலும் புதிது போலவே நிற்கும். காவேரிப்பட்டணத்தில் வால்வு ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்த்த பெரியவர் ஒருவர், கெப்பாசிட்டரைப் பழைய பெயரில் கண்டன்சர் என்பவர், இதை எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார்: "கண்டன்சர் வீங்கலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல தம்பி, உள்ள காஞ்சு போயிருக்கும்."

என் சப்ளையில் காத்திருப்பு மின்சாரத்துக்கென்று எட்டுக்கால் ஐசி (சிப்) ஒன்று இருக்கிறது. பிளக்கை மாட்டியதும் உயர் மின்னழுத்தப் பக்கத்திலிருந்து சிறிதளவு மின்னோட்டம் இந்த 47 மைக்ரோஃபாரட்டை நிரப்பும். நிரம்பியதும் ஐசி விழித்து வேலையைத் தொடங்கும். டிரான்ஸ்ஃபார்மரின் துணைக் கம்பிச்சுற்று அதற்குச் சோறு போடத் தொடங்கும் வரை அந்தச் சேமிப்பில்தான் அது ஓட வேண்டும். சேமிப்பு வற்றியிருந்தால், துணைச் சுற்று கைகொடுப்பதற்குள் ஐசி மயங்கி விழும், மீண்டும் நிரம்பும், மீண்டும் விழித்து மீண்டும் விழும். பச்சை விளக்கின் மினுக்கல் இதுதான்.

கழற்றுவதுதான் எனக்கு மூன்று மணி நேரத்தை விழுங்கியது. சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்குக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவில், இடுக்கி நுழையாத சந்தில் அது நின்றது; போதாக்குறைக்குத் தொழிற்சாலையில் ஊற்றிய பசை அதன் அடியைச் சுற்றி இறுகிப் பழுப்பேறிக் கிடந்தது. இந்தப் பசையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். புதிதில் மஞ்சளாக இருக்கும் ஒரு வகைப் பசை, வருடக்கணக்கில் வெப்பம் பட்டுப் பழுப்பானால் மின்சாரத்தைக் கசியவிடும், கால்களையும் அரிக்கும். சிறு கத்தியால் சுரண்டப்போய் போர்டின் செம்புத் தடத்தைக் கீறிவிடுவோமோ என்று அஞ்சி, மூங்கில் குச்சியொன்றை உளிபோலச் சீவிக்கொண்டேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துளித்துளியாக விட்டு, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நெம்பாமல் தள்ளித் தள்ளி எடுத்தபோது வெல்லப்பாகின் நிறத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. ஈயமும் எளிதில் இளகவில்லை. பழைய ஈயத்தின் மேல் புதிய ஈயத்தைக் கொஞ்சம் ஏற்றி, இரண்டும் கலந்து பளபளத்த நொடியில் ஈயம் உறிஞ்சும் பம்பை வைத்து இழுத்தால்தான் துளை சுத்தமாகத் திறந்தது. எடுத்ததைக் கெப்பாசிட்டர் டெஸ்டரில் போட்டேன்: 47 இருக்க வேண்டிய இடத்தில் 4.8 மைக்ரோஃபாரட், உள்தடை 23 ஓம். புதியது 46 காட்டியது, உள்தடை அரை ஓமுக்கும் கீழே.

புதியது கிடைப்பதும் எளிதாக இருக்கவில்லை. இங்கே நகரில் கிடைத்தவை எல்லாம் 85 டிகிரி வெப்பம் வரை தாங்கும் ரகம். வெப்பத்தில் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்ற கணக்கு தெரிந்தவர் யாரும் அதை ஹீட்சிங்கின் காலடியில் வைக்கமாட்டார். எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் பேருந்தில் போய் 105 டிகிரி என்று அச்சிட்டதை வாங்கிவந்தேன். அளந்தால் பத்தில் ஆறு, 47-க்குப் பதில் 31, 33 மைக்ரோஃபாரட் என்று நின்றன. பயணமும் ஒருநாள் கூலியும் வீண். கடைசியில் உதிரிபாக விநியோகஸ்தர் ஒருவரிடம் இணையத்தில் ஆர்டர் செய்தேன். பொருளின் விலையைவிடக் கூரியர் கட்டணம் மிகுதி என்பதால் ஒவ்வோர் அளவிலும் இருபது வாங்கி வைத்துவிட்டேன்.

முதல் மின்னோட்டத்தை 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுத்தான் கொடுத்தேன். கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க வீட்டில் வைத்திருந்த பல்பு அது. ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. ஷார்ட் இருந்திருந்தால் பல்பு முழு ஒளியில் எரிந்துகொண்டே இருந்திருக்கும்; ஆக, உள்ளே ஷார்ட் இல்லை. பிறகு ஊதாக் கம்பியில் 5 ஓம் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்தேன்: 5.04 வோல்ட், அரை மணி நேரம் அசையவில்லை. 12 வோல்ட் பக்கத்துக்கு ஐந்து ரோடு ரவுண்டானா அருகே ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய 55 வாட் ஹெட்லைட் பல்பு, 11.92 வோல்ட் நின்றது, 11.40 வரை இறங்கலாம் என்பதால் திருப்திதான்.

ஐசி இல்லாமல் டிரான்சிஸ்டரிலேயே காத்திருப்பு மின்சாரம் உண்டாக்கும் பழைய மலிவு சப்ளைகளை வைத்திருப்பவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அவற்றில் இதே போன்ற சிறு கெப்பாசிட்டர் வற்றினால் 5 வோல்ட் இறங்காது, ஏறும், மதர்போர்டையும் கொண்டுபோய்விடும். பர்கூரில் உறவினர் நடத்தி மூடிய பிரவுசிங் சென்டரிலிருந்து அப்படிப்பட்ட இரண்டு என்னிடம் வந்துள்ளன. ஒன்றைப் பழுது பார்த்து, மேசைச் சோதனைக்கான சப்ளையாக மாற்ற எண்ணி, திருகு முனைகளும் வாங்கிவிட்டேன்.

ஆனால் இதிலேயே வேலை பாக்கி இருக்கிறது. வெளியீட்டுப் பக்கத்து 1000 மைக்ரோஃபாரட் இரண்டில் ஒன்றின் உள்தடை மற்றதைவிட மூன்று மடங்கு காட்டுகிறது. ஃபேன் தொடங்கும்போது கரகரவென்று ஒரு சத்தமும் உண்டு. இருபதில் பத்தொன்பது மிச்சம் இருக்கிற பொட்டலத்துக்குப் பக்கத்தில் மூங்கில் குச்சியையும் எடுத்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு மீண்டும் மூடியைத் திறக்கிறேன்.