காலி வண்டிதான் ஆடுது

ஒரே ஜீப் ஓராண்டுக்குள் நான்கு முறை எங்கள் பட்டறைக்கு வந்தது. முதல் மூன்று முறையும் சரியாகிவிட்டது என்று சொல்லி, கூலியும் வாங்கிக்கொண்டு அனுப்பியவன் நான்தான்.

அதன் உரிமையாளர் சிறுமலையில் எலுமிச்சையும் பலாவும் வைத்திருக்கும் பெரியவர். தடம் இல்லாத தோட்டங்களிலிருந்து அங்கே இன்றும் குதிரை முதுகில்தான் மூட்டைகள் வருகின்றன. சாலை வரைக்கும் குதிரை, அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க ஜீப் என்று அவருடைய பிழைப்பு நடக்கிறது. வண்டி, வில்லிஸ் அமைப்பில் மகேந்திரா தயாரித்த சி.ஜே. 3பி வகைக் குட்டை ஜீப். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம், அதாவது வீல்பேஸ், 80 அங்குலம். முன்னும் பின்னும் இடமிருந்து வலம் ஒரே துண்டாக ஓடும் அச்சு. நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். பெட்ரோல் எஞ்சின் எப்போதோ கழன்று டீசல் எஞ்சின் ஏறியிருந்தது. பாறை இடிக்கிறது என்பதற்காக யாரோ முன் ஸ்பிரிங்கின் முனையைச் சேஸில் தொங்கவிடும் ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டி வண்டியைச் சற்று உயர்த்தியும் இருந்தார்கள். அந்த நீண்ட ஷாக்கிளை நான் முதல் நாளே கண்ணால் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

“நத்தம் பாலத்துல இணைப்பு மேல ஏறுனதும் ஸ்டியரிங் கையப் பிடுங்குது தம்பி. பிரேக் அடிச்சு வேகத்தக் கொறச்சாத்தான் நிக்குது. லோடோட வரும்போது ஒண்ணும் செய்யல. காலி வண்டிதான் ஆடுது” என்றார். 2023இல் திறக்கப்பட்ட அந்த 7.3 கிலோமீட்டர் பாலத்தைத்தான் மதுரைக்காரர்கள் நத்தம் பாலம் என்கிறார்கள். அதன் விரிவு இணைப்புகளைச் சாதாரணக் கார்கள் ஒரு சின்னத் ‘தட்’டோடு கடந்துவிடும். சரக்கை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் அந்த ஜீப்புக்கோ, 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தட்டே போதுமானதாக இருந்தது. அவர் சொன்னதில் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது ‘முன்பக்கம் ஆட்டம்’ என்னும் இரண்டே சொற்கள்.

ஆட்டம் என்றால் முதலில் டயரைச் சந்தேகிப்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். நானும் சக்கரங்களைக் கழற்றி பேலன்ஸ் செய்யக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்யும் கடைக்கு அனுப்பி டோ அளவையும், அதாவது முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பியிருக்கும் அளவையும், சரிசெய்து வாங்கினேன். பத்து நாளில் ஜீப் திரும்பி வந்தது. இரண்டாம் முறை, ஸ்டியரிங்குக்குக் குறுக்கே படுக்கவைக்கும் சிறிய ஷாக் அப்சார்பரைப் போன்ற டேம்பர் ஒன்றைப் பொருத்தினேன். அது சில வாரங்கள் தாங்கியது. டேம்பர் ஆட்டத்தின் காரணத்தைத் தொடுவதே இல்லை, கையில் தெரியாமல் அமுக்கி மட்டும் வைக்கிறது. அடியில் உள்ள தேய்மானம் வளர வளர ஒருநாள் அதனாலும் அமுக்க முடியாமல் போகிறது. இது எனக்குத் தெரியாததன்று. பெரியவர் அவசரப்பட்டார், எனக்கும் வேறு வண்டிகள் காத்திருந்தன.

மூன்றாம் முறை வந்தபோது மேஸ்திரி என்னை ஒதுக்கிவிட்டுத் தானே பாய் விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். எஞ்சினை அணைத்து, சக்கரங்கள் தரையில் எடையோடு நிற்கும்படி விட்டு, பையனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துக் கால் சுற்று இப்படியும் கால் சுற்று அப்படியும் ஆட்டச் சொன்னார். வண்டியைத் தூக்கி நிறுத்தி இந்தச் சோதனையைச் செய்தால் பயனில்லை. எடை இல்லாத இடத்தில் தேய்ந்த மூட்டும் நல்ல மூட்டைப் போலவே அசையும். அவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் தாமதிக்கும் இடத்தைத் தேடினார். சக்கரங்களைத் திருப்பும் தண்டுகளான டை ராடுகளின் முனைகள் நன்றாக இருந்தன. அவற்றுக்கு அசைவைப் பிரித்துக் கொடுக்கும் பெல் கிராங்கின் பின் தேய்ந்திருந்தது. அடுத்து அச்சை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார், சற்று ஆடியது. “பிரேக்க மிதிடா” என்றார். மிதித்த பிறகும் அதே ஆட்டம் இருந்தது. பிரேக் பிடித்தால் சக்கரமும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடுகின்றன. அப்போது ஆட்டம் மறைந்தால் குற்றம் வீல் பேரிங்கில், மறையாவிட்டால், நக்கிள் இட வலமாகத் திரும்பும் முளையான கிங்பின்னின் பேரிங்கில். கே.புதூர் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுகள் படித்த எனக்கு இந்த ஒரு மிதியைக் கற்றுக்கொள்ள அந்த ஜீப் மூன்று முறை வரவேண்டியிருந்தது.

தேய்மானம் ஆட்டத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகு ஏன் தானாக அடங்கவில்லை என்பது வேறு கேள்வி. சைக்கிளைக் கையை விட்டு ஓட்டிப் பழகியவர்களுக்கு அதன் விடை உடம்பிலேயே இருக்கும். முன் ஃபோர்க் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், அதன் சாய்வுக் கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழுகிறது. அதனால் சக்கரம் இழுபட்டு வருகிறது, இழுபட்டு வரும் எதுவும் நேராகவே நிற்கப் பார்க்கும். ஜீப்பில் அந்தச் சாய்வு கிங்பின்னில் இருக்கிறது. அதற்குப் பெயர் காஸ்டர். இந்த வண்டிக்குக் கையேடு சொல்லும் காஸ்டர் 3 டிகிரி. கிங்பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டிய அந்த 3 டிகிரி போய்விட்டால், ஒரு தட்டில் விலகிய சக்கரத்துக்கு நடுவுக்குத் திரும்பும் விருப்பமே குறைந்துவிடுகிறது. இடச்சக்கரத்தின் உதறல் டை ராடு வழியாக வலச்சக்கரத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வருகிறது. அச்சு ஒரே துண்டாக இருப்பதால் அதுவும் சேர்ந்து துள்ளுகிறது. வண்டி ஓடும் வேகமே இந்த உதறலுக்குத் தீனி போடுகிறது. பெரியவர் வேகத்தைக் குறைத்தால்தான் நின்றது என்று சொன்னதன் பொருள் இதுதான்.

கைபேசியில் உள்ள கோணமானியைக் கிங்பின் மூடியின் தட்டையான பரப்பில் வைத்தபோது எண் சுழியத்தை ஒட்டி நின்றது. காரணத்தை மேஸ்திரி சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே வரைந்து காட்டினார். இந்த ஜீப்பின் முன் ஸ்பிரிங் ஏறத்தாழ 36 அங்குல நீளம். பின்முனை சேஸில் நிலையாகக் கோர்க்கப்பட்டது, முன்முனை ஷாக்கிளில் தொங்குவது. ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினால் முன்முனை மட்டும் 2 அங்குலம் கீழே போகிறது. 36க்கு 2 என்பது 3 டிகிரிக்குச் சற்று அதிகமான சாய்வு. ஸ்பிரிங்கோடு அச்சும் முன்னோக்கி உருள்கிறது, கிங்பின்னின் மேல்முனையும் அதோடு முன்னால் வந்துவிடுகிறது. உரிமையாளருக்குக் கிடைத்த உயரம், அச்சு நடுவில் இருப்பதால், ஒரே ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்கு அவர் கொடுத்த விலை, தொழிற்சாலை வைத்துக்கொடுத்த காஸ்டர் முழுவதும்.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. முதல் முறை அலைன்மென்ட் கடை அச்சிட்டுக் கொடுத்த தாளில் காஸ்டர் வரியும் இருந்தது. அதில் சுழியம் டிகிரி 10 நிமிடம் என்றே போட்டிருந்தது. முழு அச்சு வண்டியில் டை ராடைத் திருகி மாற்றக்கூடியது டோ ஒன்றுதான் என்பதால் நான் டோ வரியை மட்டும் படித்துவிட்டுத் தாளை பில் புத்தகத்தில் செருகியிருந்தேன். திருத்த முடியாததைப் படித்து என்ன பயன் என்று ஒரு சோம்பல்.

கிங்பின் பேரிங்குகளை மாற்றி, தகடு வைத்து இறுக்கத்தைச் சரிபார்த்தோம். பெல் கிராங்குக்குப் புதுப் பின் போட்டோம். காஸ்டருக்கு, ஸ்பிரிங்குக்கும் அச்சின் இருக்கைக்கும் நடுவே சரிவான இரும்புத் தகடு, அதாவது ஆப்பு, வைப்பது வழக்கம். இந்த வண்டியில் அச்சு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால் தடித்த பக்கம் முன்னால் வரவேண்டும். மேஸ்திரி ஊருக்குப் போயிருந்த நாளில் அந்த வேலையைச் செய்தவன் நான். கணக்குப்படி 3 டிகிரி போதும். இரண்டு முறை தோற்ற கோபத்தில், கூடுதலாக இருந்தால் ஒருபோதும் ஆடாது என்று எண்ணி 6 டிகிரி ஆப்பு வைத்தேன். ஆட்டம் அடியோடு நின்றது. ஆப்பசைத்த குரங்கின் கதை தெரியாதவனில்லை நான்.

நான்காம் முறை பெரியவர் வந்தபோது புகார் வேறாக இருந்தது. ஸ்டியரிங் நேராக நிற்கிறது, ஆனால் திருப்பக் கனக்கிறது. 50 கிலோமீட்டரில் காலுக்கடியில் ‘கும்’மென்று உறுமல் வருகிறது. இந்த முறை நான் ஸ்பானரை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து மேலூர் பக்கம் நான்கு வழிச்சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். 50இல் கியரை நியூட்ரலுக்குத் தள்ளியும் உறுமல் போகவில்லை. ஆகவே எஞ்சின் இல்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன். அந்த டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.3 மீட்டர் போகிறது. 50 கிலோமீட்டரில் நொடிக்கு 6 சுற்று. டயரின் குற்றமாக இருந்தால் நொடிக்கு ஆறு முறை உதறும். அதைக் கையால் கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். அச்சின் பல் விகிதம் 5.38 என்பதால், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 32 முறை சுற்றுகிறது. அதன் முனையில் மடங்கிச் சுழலும் கிராஸ் மூட்டு, கோணத்தில் ஓடும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறைவதால் அதிர்வு நொடிக்கு 65 அளவில் வரும். எண்ண முடியாது, உறுமலாகத்தான் கேட்கும். என் காலுக்கடியில் இருந்தது அதுதான்.

ஷாஃப்டின் ஒரு முனையில் உள்ள கிராஸ் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனைக் கிராஸ் சமன்செய்ய வேண்டும். அதற்கு இரண்டு முனைக் கோணங்களும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். இடையில் கழற்றி மாட்டியவர்கள் ஷாஃப்டின் இரு துண்டுகளும் பல்லோடு பல் கோர்க்கும் ஸ்பிளைனில், கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் வைக்காமல் விட்டிருந்தாலும் இதே உறுமல் வரும் என்பதால் முதலில் அதைப் பார்த்தேன். குறிகள் நேராகவே இருந்தன. முன் ஷாஃப்டைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டு மறுபடியும் ஓட்டினேன். உறுமல் சுத்தமாக இல்லை. முன் ஹப்பில் சக்கரத்தை அச்சிலிருந்து விடுவிக்கும் லாக் இல்லாத பழைய வண்டி ஆகையால், நால்சக்கர ஓட்டத்தில் போடாவிட்டாலும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கிங்பின்னைப் பின்னால் சாய்க்க நான் உருட்டிய அதே அச்சில்தான், ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரமான பினியனும் இருக்கிறது. மேல்முனை பின்னால் போனால் பினியனின் மூக்கு கீழே போகிறது. நீண்ட ஷாக்கிள் அதை 3 டிகிரி மேலே தூக்கியிருந்தது. என் ஆப்பு 6 டிகிரி இறக்கியதில், இருக்க வேண்டிய இடத்துக்கு 3 டிகிரி கீழே நின்றது. ஸ்டியரிங் கனத்ததும் அந்த மிகைக் காஸ்டராலேதான்.

மேஸ்திரி கடிந்துகொள்ளவில்லை. “வண்டிக்கு வச்ச ஆப்பு நமக்கே வந்துருச்சுப்பா” என்று மட்டும் சொன்னார். 3 டிகிரி ஆப்பாக மாற்றிவிடலாம்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆப்பையும் நீண்ட ஷாக்கிளையும் சேர்த்தே கழற்றி, பழைய அளவு ஷாக்கிளைப் போட்டேன். ஸ்பிரிங்கைப் பட்டை அடிப்பவரிடம் கொடுத்து வளைவை ஏற்றி வாங்கினேன். வளைவு ஏறினால் இரு முனையும் ஒன்றுபோல் இறங்குவதால் அச்சு உருளாமலேயே அந்த ஓர் அங்குல உயரம் கிடைத்துவிடுகிறது. அந்த வேலைக்கான கூலியை அவரிடம் கேட்கவில்லை. பட்டை அடித்த காசை மட்டும் அவரே வற்புறுத்திக் கொடுத்தார். டயரில் சுண்ணாம்பு பூசி, ஆணியால் கோடு கீறி, டேப்பால் முன்னும் பின்னும் அளந்து டோவை வைத்தேன். காஸ்டர் 3க்கு மிக அருகில் நின்றது. டேம்பர் எதையும் மறைத்துவிடக் கூடாது என்று அதைக் கழற்றிவிட்டு, விடியற்காலையில் வெறும் வண்டியோடு பாலத்தின் மேல் போனேன். கை ஸ்டியரிங்கில் சும்மா கிடந்தது.

வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொன்றையும் அளந்தேன். பட்டறையில் கிடந்த சிமென்ட் மூட்டைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டே போனேன். பின்பக்கம் இரண்டரை அங்குலம் அமர்ந்ததும் நிறுத்தினேன். 80 அங்குல வீல்பேஸில் இரண்டரை அங்குலம் என்றால் வண்டி முழுவதும் ஏறத்தாழ 1.8 டிகிரி பின்னோக்கிச் சாய்கிறது. கிங்பின் மூடியின் மேலிருந்த கைபேசியும் அதே அளவு கூட்டிக் காட்டியது. பலாவும் எலுமிச்சையும் ஏற்றி வந்த நாள்களில் இழந்த காஸ்டரில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்திருக்கிறது. குறிப்பேட்டை எடுத்து முதல் வருகையின் பக்கத்தைப் புரட்டி, ‘முன்பக்கம் ஆட்டம்’ என்பதற்குக் கீழே, பெரியவர் அன்று சொன்ன மீதி வாக்கியத்தையும் எழுதிவைத்தேன்.