ராத்திரி மருந்து

அக்கா பொண்ணுக்கு மூன்று வயது, மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். மூத்திரம் பையிலிருந்து திரும்பக் கிட்னி பக்கமே ஏறுகிற ரிஃப்ளக்ஸ். தினமும் ராத்திரி ஆன்டிபயாடிக் சிரப் ஊற்றும்போது மூடியில் கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு போனாலும் அக்கா திருப்பி ஊற்றுவாள். இன்ஃபெக்ஷன் வராமலிருக்கக் கொடுக்கும் இந்த மருந்தால் பலன் உண்டா என்று கேட்டாள்.

அப்புறம்தான் 2014ல் வெளியான அமெரிக்க ஆய்வைப் படித்தேன். இதே ரிஃப்ளக்ஸ் உள்ள 607 குழந்தைகள், இரண்டு வருடம், பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத சிரப். மருந்து குடித்தவர்களுக்கு இன்ஃபெக்ஷன் திரும்ப வருவது பாதியாகக் குறைந்தது, ஆனால் கிட்னியில் தழும்பு விழுவதில் வித்தியாசமில்லை. தன் பிள்ளைக்கு எந்த பாட்டில் என்றே தெரியாமல் இரண்டு வருடம் ஊற்றிக் கொடுத்த அந்த அம்மாக்களை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

செவ்வாய்க்கிழமை பாண்டியில் ஸ்கேன். நானும் கூடப் போகிறேன்.