கனடா பி.ஆர். விண்ணப்பமும் வங்கிக் கடிதமும்

கனடாவில் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை, பெற விண்ணப்பித்தபோது ஆங்கிலத் தேர்வும் படிப்புச் சான்றுகளின் மதிப்பீடும் எங்களைப் படுத்தாத பாட்டை, ‘செட்டில்மென்ட் ஃபண்ட்ஸ்’ என்ற பெயரில் கனடாவின் குடிவரவுத் துறை கேட்கும் நிதி ஆதாரம் படுத்திவிட்டது. நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். முதலில் இணையத்தில் நம் விவரங்களை ‘புரொஃபைல்’ ஆகப் பதிந்து, அழைப்பு வந்த பிறகே விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், வெளிநாட்டில் அனுபவம் பெற்ற திறன்மிகு பணியாளர்களும் விண்ணப்பிக்கக்கூடிய ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் நான் முதன்மை விண்ணப்பதாரர். கணவரும் மகளும் என்னுடன் சேர்ந்தவர்கள். கனடாவிலேயே வேலை பார்த்து, கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. எங்களைப் போல இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு, கனடாவில் வேலை செய்யும் அனுமதியும் முறையான வேலை வாய்ப்புக் கடிதமும் கையில் இல்லாத நிலையில், இதைத் தவிர்க்க வழியே இல்லை.

காட்ட வேண்டிய தொகை குடும்பத்தின் அளவைப் பொறுத்தது. கணவனோ மனைவியோ, சார்ந்திருக்கும் பிள்ளைகளோ உடன் வராவிட்டாலும் கணக்கில் சேர்வார்கள். எங்கள் வீட்டிலேயே இருக்கும் மாமியார் விண்ணப்பத்தில் இல்லாததால் சேரமாட்டார். நாங்கள் புரொஃபைல் போட்டபோது மூன்று பேருக்கு 21,055 கனடிய டாலர் என்று இருந்தது. ஆண்டுதோறும் இதை உயர்த்துவார்கள் என்பதால் கையிருப்பைச் சற்றுக் கூடுதலாகவே வைத்திருந்தோம். 2024 மே 27 அன்று அது 22,483 டாலராக உயர்ந்தது; அன்றைய மாற்று விகிதத்தில் 14 லட்சம் ரூபாய்க்குச் சற்றே குறைவு. ஜூலையில் சுகாதாரத் துறையினருக்கான சுற்றில் அழைப்பு வந்தபின், எல்லா ஆவணங்களையும் சேர்த்து விண்ணப்பத்தை முடிக்க அவர்கள் தருவது 60 நாட்கள்தான்.

தொகையைச் சேர்ப்பதைவிட, எந்தப் பணம் பணமாகக் கருதப்படும் என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. ஆதம்பாக்கத்தில் இருக்கும் வீட்டின் மதிப்பைக் காட்டினாலே போதும் என்றார் மாமியார். வீடு, மனை போன்ற அசையாச் சொத்தின் மதிப்பை அவர்கள் ஏற்பதில்லை. லாக்கரில் உள்ள நகையும் உதவாது. அதை அடகு வைத்து வாங்கும் பணம் கடன் என்பதால் அதுவும் உதவாது. பி.எஃப். பணத்தை வேலையில் இருக்கும்போது நினைத்த நேரத்தில் முழுதாக எடுக்க முடியாது என்பதால் அதைக் கணக்கிலேயே கொண்டுவராமல் விட்டோம். அவர்கள் பார்ப்பது, கடனில்லாத, தடையில்லாமல் எடுக்கக்கூடிய, நம் பெயரில் சில காலமாகவே இருந்துவரும் பணத்தை. இந்த மூன்றில் கடைசியானதுதான் சிக்கல் நிறைந்தது.

அதற்கான முக்கிய ஆவணம் வங்கியின் கடிதம். லெட்டர்ஹெட்டில், வங்கியின் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சலோடு, நம் பெயர், ஒவ்வொரு கணக்கின் எண், அது தொடங்கப்பட்ட தேதி, இப்போதைய இருப்பு, கடந்த ஆறு மாதங்களின் சராசரி இருப்பு, கிரெடிட் கார்டு உள்ளிட்ட நிலுவைக் கடன்கள் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரவுப் பணி முடிந்து நேராக வங்கி திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றேன். வந்தது ஒரே ஒரு வரியில் மொத்தத் தொகையைச் சொல்லும் இருப்புச் சான்றிதழ். சராசரி இருப்பு எங்கே என்று கேட்டதற்கு, “சிஸ்டத்துல இதுதாம்மா வரும், எல்லாருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம்” என்றார் அங்கிருந்த அலுவலர். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அந்த மென்பொருளில் அச்சாகும் படிவத்தில் அப்படியொரு கட்டமே கிடையாது.

ஆகவே கடிதத்தை நாங்களே தட்டச்சு செய்து, கணக்குகளை அட்டவணையாகப் போட்டு, எடுத்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு நாளின் முடிவிலும் இருந்த இருப்பைக் கூட்டி நாட்களின் எண்ணிக்கையால் வகுத்த கணக்கை என் கணவர் எக்செலில் போட்டு, ஸ்டேட்மென்டோடு சேர்த்து நீட்டினார். கிளை மேலாளர் சில மாதங்களின் எண்களைத் தம் திரையில் சரிபார்த்துவிட்டு, லெட்டர்ஹெட்டில் அச்சிட்டுக் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார். மாதிரி இல்லாமல் வங்கிக்குப் போவது வீண் அலைச்சல் என்பது என் கருத்து. ‘கனடா எம்பசி லெட்டர்’ என்று வாயால் சொன்னால் அவரவருக்குத் தெரிந்ததைத்தான் அச்சிட்டுத் தருவார்கள்.

அந்தக் கடிதத்திலும் ஒரு கோளாறு இருந்தது. எங்கள் எஃப்.டி. தானாகப் புதுப்பிக்கப்படுவது என்பதால், பணம் பல ஆண்டுகளாக அங்கேயே இருந்தும், தொடங்கிய தேதியாகக் கடைசிப் புதுப்பிப்பின் தேதி அச்சாகியிருந்தது. பார்ப்பவருக்கு அது ஆறு மாதத்துக்குள் திடீரென்று முளைத்த பணமாகத் தெரியும். நல்லவேளையாக மாமியாரின் பீரோவில் பழைய எஃப்.டி. ரசீதுகள் பத்திரமாக இருந்தன. அவற்றின் நகலை இணைத்து, முதலில் போட்ட தேதியையும் ஒரு வரியாகச் சேர்த்து எழுதித் தரும்படி கேட்டு வாங்கினோம். வீட்டுக் கடன் வேறு நிறுவனத்தில் இருந்ததால் அங்கிருந்து நிலுவைக் கடிதம் தனியே வாங்கினோம். கடன் இருப்பதைக் காட்டினால் விண்ணப்பம் போய்விடும் என்று தோழிகள் பயமுறுத்தினார்கள்; கேட்ட தகவலை மறைக்க எனக்கு மனமில்லை.

ஒரு பகுதிப் பணம் கணவரின் பெயரில் மட்டும் இருந்தது. உடன் வரும் துணையின் பணத்தையும் காட்டலாம், ஆனால் அது விண்ணப்பதாரரும் எடுத்தாளக்கூடிய பணம் என்று நிரூபிக்க வேண்டும். அந்தப் பணத்தை எங்கள் குடும்பம் கனடாவில் குடியேறுவதற்கு நான் முழுமையாகப் பயன்படுத்தலாம் என்று அவர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். திருமணப் பதிவுச் சான்றையும் அதோடு வைத்தோம்.

எஞ்சிய தொகையை என் அப்பா தந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றபோது வந்த பணிக்கொடையிலிருந்து எடுத்த பணம் அது. திடீரென்று ஒரு பெரிய தொகை கணக்கில் விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். கடனாக வாங்கியதோ என்ற சந்தேகமும் வரும். அதனால் பாரிமுனைக்குப் போய், தம்புச்செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞரிடம் முத்திரைத்தாளில் தானப் பத்திரம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டோம். அப்பாவுக்கும் எனக்கும் உள்ள உறவு, தொகை, பணம் மாற்றப்பட்ட தேதி, திருப்பித் தர வேண்டியதில்லை என்ற உறுதிமொழி ஆகியவை அதில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அப்பாவின் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் பணிக்கொடை ஆணையையும் சேர்த்தோம். ஆணை தமிழில் இருந்ததால் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் பிரமாணப் பத்திரத்தையும் இணைக்க வேண்டியிருந்தது. “என் பொண்ணுக்கு நான் காசு கொடுத்ததுக்கு இத்தனை சாட்சியா?” என்று அப்பா அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார். பெற்றோர் பிள்ளைக்குத் தரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது என்று எங்கள் ஆடிட்டர் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

இதற்கிடையே ஓர் ஏஜென்ட், சில மாதங்களுக்கு எங்கள் கணக்கில் பணம் போட்டு வைத்து, வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்வதாகவும், அதற்கு ஒரு சதவீதம் கட்டணம் என்றும் சொன்னார். இப்படிச் செய்து தப்பித்தவர்கள் இருக்கலாம். பிடிபட்டால் தவறான தகவல் தந்ததாகக் கருதி ஐந்தாண்டுகளுக்குக் கனடா பக்கமே தலைகாட்ட முடியாதபடி தடை விதிப்பார்கள். அந்த ஆபத்து எங்களுக்கு வேண்டாம் என்று அதோடு பேச்சை நிறுத்திவிட்டோம்.

இணையத்தில் ஏற்றும்போது நிதி ஆதாரத்துக்கு ஒரே கோப்புதான், அதுவும் 4 எம்.பி.க்குள். விளக்கக் கடிதம் முதலிலும், அதில் சொன்ன வரிசையிலேயே வங்கிக் கடிதம், ஸ்டேட்மென்ட், எஃப்.டி. ரசீது, தானப் பத்திரம் ஆகியவை அடுத்தடுத்தும் வருமாறு ஒரே பி.டி.எஃப். ஆக்கிச் சுருக்கினோம். பெரிய வரவு ஒவ்வொன்றுக்கும் அது எந்தப் பக்கத்தில் விளக்கப்பட்டிருக்கிறது என்று விளக்கக் கடிதத்திலேயே குறித்திருந்தேன். அதிகாரி தேடும்படி விடக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

விண்ணப்பம் போன பிறகும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. விசா வழங்கும் வரை அது அப்படியே இருக்க வேண்டும். மகளின் பள்ளிக் கட்டணம் அந்த மாதங்களில்தான் வந்தது. அதைச் சம்பளக் கணக்கிலிருந்து கட்டினோம். பாஸ்போர்ட் கேட்டு மின்னஞ்சல் வந்த பின்னும் எஃப்.டி.யை உடைக்கவில்லை, ஏனென்றால் அங்கே இறங்கும்போது விமான நிலைய அதிகாரியும் பண ஆதாரத்தைக் கேட்கலாம். பயணத்துக்கு முன் அதே கிளையில் புதிய தேதியிட்ட கடிதம் வாங்கி வைத்திருக்கிறோம். கையில் 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ கொண்டுபோனால் அங்கே சுங்கத்தில் அறிவிக்க வேண்டும் என்பதால், செலவுக்குக் கொஞ்சம் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அங்கே கணக்கு தொடங்கிய பிறகு வங்கி வழியாக அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறோம்.