ஸ்கீ பை, பூட்ஸ், மலைச்சாலை: பயண நாட்குறிப்பு

2025 டிசம்பர் 20, சனி

ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கப் போக விமானச் சீட்டு எடுத்த கையோடு, ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகளை வைக்கும் நீளப் பைக்கும் இடம் போட்டாயிற்று. இதைத் தள்ளிப்போடக் கூடாது. சிறிய விமானங்களின் சரக்கு அறையில் நீளமான பைகளுக்கு இடம் கொஞ்சம்தான், பள்ளி விடுமுறை வாரங்களில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். கடைசி நேரத்தில் கவுன்டரில் கட்டும் தொகையும் பெரும்பாலும் அதிகம். பதியும்போது ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஸ்கீ பையும் பூட்ஸ் பையும் சேர்ந்து ஒரே உருப்படியா, இரண்டா? பல நிறுவனங்கள் ஒன்றாகவே கணக்கிடுகின்றன, சில அப்படிச் செய்வதில்லை. சீட்டை விற்றவர் ஒருவர், விமானத்தை ஓட்டுபவர் இன்னொருவர் என்றால் ஓட்டுபவரின் விதியையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

எடை வரம்பு பொதுவாக 23 கிலோ. கூடுதல் பணம் கட்டினாலும் ஒரே பை 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், சுமை தூக்குபவர்களின் முதுகைக் காக்க வைத்த வரம்பு அது. சக்கரம் வைத்த இரட்டைப் பை வெறுமையாகவே சுமார் 4 கிலோ. பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கோடு ஒரு ஜோடி ஸ்கீ சுமார் 6 கிலோ. இரண்டு ஜோடியும் கையில் ஊன்றும் கோல்களும் வைத்தால் 17 வந்துவிடும். மிச்சமுள்ள 6 கிலோவுக்குத் துணி வைக்கலாம். அந்தத் துணிதான் உள்ளே மெத்தையாகவும் இருக்கப்போகிறது.

கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? ஸ்கீயை வாடகைக்கு எடுக்கலாம், பூட்ஸை முடிந்தவரை எடுக்கவே கூடாது. சொந்த பூட்ஸின் உள்ளுறை உங்கள் காலுக்கென்று படிந்திருக்கும். வாடகை பூட்ஸில் அது பலர் காலில் நசுங்கித் தளர்ந்திருக்கும், குதிகால் உள்ளே எழும்பும், அப்போது ஸ்கீ சொன்னபடி திரும்பாது. சொந்த பூட்ஸோடு வாடகை ஸ்கீ எடுப்பவர்கள் இரண்டு விவரம் குறித்துக்கொள்ளுங்கள். குதிகால் பக்கவாட்டில் பிளாஸ்டிக்கில் பதித்திருக்கும் அடிநீளம் மில்லிமீட்டரில், 305 என்பது போல. அடுத்து அடிப்பாகத்தின் வகை: தட்டையான பழைய ஐஎஸ்ஓ 5355 வகையா, வளைந்த கிரிப்வாக்கா? பழைய பைண்டிங்குகள் பல கிரிப்வாக்கை ஏற்காது. கடைக்கு இதை முன்பே சொல்லிவிட்டால் உங்கள் பூட்ஸுக்குப் பொருந்தும் ஸ்கீயை எடுத்து வைத்திருப்பார்கள்.

டிசம்பர் 27, சனி

மெழுகு போடும் நாள். எட்ஜில், அதாவது ஸ்கீயின் எஃகு விளிம்பில், உள்ள பிசிறுகளைக் கம்ஸ்டோன் என்ற தேய்ப்புக் கல்லால் தேய்த்து எடுத்துவிட்டு, அடிப்பரப்பில் மெழுகை இஸ்திரியால் தடிப்பாக உருக்கிப் பூசி, எட்ஜ் மேலும் வழிய விட்டு, சுரண்டாமல் அப்படியே விட்டாயிற்று. மெழுகு இங்கே சறுக்குவதற்காக இல்லை, காவலுக்காக. சரக்கு அறையில் குளிர்ந்த ஸ்கீ கதகதப்பான மண்டபத்துக்கு வந்ததும் எஃகின் மேல் நீர் பூக்கும். மூடிய பைக்குள் அது காயாது. மெழுகில்லாத எட்ஜில் ஒரே இரவில் ஆரஞ்சு நிறத் துரு தெரியும். இஸ்திரியை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது, புகை வந்தால் சூடு அதிகம் என்று பொருள், உடனே குறைக்க வேண்டும்.

பைண்டிங்கை ஈரத்துணியால் துடைத்தால் போதும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போகும். எவ்வளவு விசையில் பைண்டிங் பூட்ஸை விடுவிக்கும் என்பதைக் குறிப்பது டின் எண், பயணத்துக்காக அதைத் தளர்த்துவதும் வேண்டாம். சில நாள் பயணத்தில் ஸ்பிரிங்குக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, திரும்ப ஏற்ற மறந்தால் சரிவில் ஸ்கீ தானாகக் கழன்றுவிடும்.

2026 ஜனவரி 1, வியாழன்

பை கட்டும் நாள். ஸ்கீ கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அது பைக்குள் நகர்வதுதான், வெளியிலிருந்து விழும் அடி அடுத்ததுதான். ஆகவே வேலையெல்லாம் நகராமல் செய்வதில்தான் இருக்கிறது.

இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்து, பைண்டிங்கில் உள்ள பிரேக் கம்பிகள் (கழன்ற ஸ்கீயை ஓடவிடாமல் நிறுத்துபவை) ஒன்றுக்குள் ஒன்று மாட்டும்படி வைக்க வேண்டும். நுனிப் பக்கமும் வால் பக்கமும் அவை ஒட்டும் இடங்களில் நடுவே நுரைத்துண்டு வைத்த பட்டையால் கட்ட வேண்டும். நுரை இல்லாவிட்டால் ஒன்றின் எட்ஜ் மற்றதன் அடியைச் சிறுகச் சிறுகச் சுரண்டும், நீளவாக்கில் வெட்டுக்கோடு விழும். வால் பக்கம் சக்கரத்தின் பக்கம் இருக்கட்டும். நிற்க வைத்த பையைக் கீழே போட்டால் மோதல் முழுவதும் அங்கேதான் விழும். அந்த முனையில் தடித்த ஃபிளீஸ் சட்டையை நாலாக மடித்து வைப்பதும், துணி கிழியாமல் பையின் உட்புறத்தில் டக்ட் டேப் ஒட்டுவதும் அவசியம்.

பைண்டிங்தான் பையில் மேடான இடம், விமான நிலையப் பெல்ட்டில் உரசி மாட்டுவதும் அதுதான். முன்துண்டையும் பின்துண்டையும் தனித்தனியே சுற்ற வேண்டும், ஜாக்கெட்டின் கைகள் அதற்குச் சரியாக இருக்கும். இரண்டாவது ஜோடியைத் தலைகீழாக வைத்து, பைண்டிங்குகள் நேருக்கு நேர் வராமல் ஒரு சாண் தள்ளி அமைத்தால் பை தட்டையாகிவிடும். கோல்களின் கூர்முனைக்கு ரப்பர் மூடி போட்டு, பக்கவாட்டில் செருகிக் கட்டிவிட வேண்டும். மூடி இல்லாத கூர்முனை இரண்டு நாளில் பையைத் துளைத்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் உள் பட்டைகளை இறுக்கி, ஜிப்பை மூடி, பையைச் செங்குத்தாக நிறுத்தி உலுக்கிப் பாருங்கள். டொக் என்று சத்தம் வந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. திறந்து சாக்ஸைத் திணியுங்கள், சத்தம் நிற்கும் வரை. நீளப் பையைக் கொக்கித் தராசில் தூக்கினால் சாய்ந்து எண் நிலைக்காது. பையோடு எடைப்பலகையில் ஏறி நின்று, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்வதுதான் சுலபம்.

மெழுகுக்கட்டி, சுரண்டி, கம்ஸ்டோன் பையில் போகலாம். மெழுகு நீக்கும் திரவம் எளிதில் தீப்பற்றும் வகை என்றால் போகக் கூடாது, பியூட்டேன் டார்ச்சும் அப்படியே.

ஜனவரி 3, சனி

பூட்ஸ் கைப்பையில். ஒரு ஜோடி நாலைந்து கிலோ. கேபின் எடை வரம்பு இடித்தால் மற்ற கனமான சாமானைக் கீழே அனுப்புங்கள், பூட்ஸை அனுப்பாதீர்கள். ஸ்கீ பை ஒரு நாள் தாமதமானாலும் வாடகை ஸ்கீயில் இறங்கிவிடலாம். உள்ளே உலர்ந்த சாக்ஸைத் திணித்து, கிளிப்புகளை முதல் பல்லில் லேசாக மாட்டிவிட வேண்டும். திறந்தே கிடந்தால் பிளாஸ்டிக் விரிந்த நிலையிலேயே பழகிவிடும். ஹெல்மெட்டும் கண்ணாடியும் கூடவே. கோல்களைக் கேபினுக்குள் விடமாட்டார்கள்.

சூடேற்றும் கையுறைக்கும் பூட்ஸ் ஹீட்டருக்கும் உரிய லித்தியம் பேட்டரிகளைக் கழற்றிக் கேபினில் வைக்க வேண்டும். தனியாகக் கழற்றிய பேட்டரி, பவர்பேங்க் எதுவும் சரக்குப் பைக்குள் போகக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டுங்கள்.

பனிச்சரிவு ஏர்பேக் (பனிச்சரிவில் புதையாமல் இருக்க விரியும் காற்றுப்பை கொண்ட முதுகுப்பை) வைத்திருப்பவர்களுக்கு: விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி ஆளுக்கு ஒன்று, தீப்பற்றாத வாயு உருளையோடு எடுத்துப்போகலாம், தற்செயலாக வெடித்து விரியாதபடி கட்டியிருந்தால். ஆனால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். எழுத்தில் வாங்கி, அச்செடுத்து உருளையோடு வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் நிற்பவருக்கு அந்த உருளை என்னவென்று தெரிந்திருக்கும் என்று நம்பக் கூடாது.

ஜனவரி 4, ஞாயிறு

ஞாயிறு பயணம் திட்டமிட்டதே. ஆல்ப்ஸ் விடுதிகளில் பெரும்பாலும் சனி முதல் சனிதான் வாடகைக் கணக்கு, அன்று மலைச்சாலையில் இறங்குபவர்களும் ஏறுபவர்களும் ஒரே நேரத்தில்.

ஸ்கீ பை சாதாரண பெல்ட்டில் போகாது. செக்-இன்னில் ஒட்டுச்சீட்டு வாங்கி, அளவு மிகுந்த சாமான்களுக்கான தனிக் கவுன்டரில் கொடுக்க வேண்டும், அங்கும் வரிசை இருக்கும். இறங்கும் இடத்திலும் தனி வாசலில்தான் வரும், பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றால் நேரம்தான் போகும். வந்ததும் மண்டபத்திலேயே திறந்து பாருங்கள். சேதம் இருந்தால் வெளியேறும் முன் புகார் எண் வாங்க வேண்டும். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்பாட்டின்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பை கையில் வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கொடுக்க வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் விமான நிறுவனத்தின் பொறுப்பு வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). நல்ல ஸ்கீ இரண்டு ஜோடிக்கு அது போதாமல் போகலாம், தனிக் காப்பீடு எடுப்பது அதற்காகத்தான்.

அடுத்தது கார். பிரான்சின் மலைப்பகுதிகளில் அறிவிக்கப்பட்ட ஊர்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம். சாவி வாங்கும்போதே டயரின் பக்கச் சுவரில் மலைமுகட்டுக்குள் பனித்திவலைச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். சங்கிலிப் பெட்டியையும் திறந்து, அதில் எழுதிய அளவு டயர் அளவோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள், பொருந்தாத சங்கிலி கொண்டை வளைவில் கழன்றுவிடும். இன்ஜின் இழுக்கும் சக்கரங்களுக்குத்தான் சங்கிலி. உலர்ந்த தளத்தில் ஒருமுறை கட்டிப் பழகிவிட வேண்டும். கட்டியபின் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. டீசல் கார் என்றால் மலையேறியபின் டேங்கை நிரப்புங்கள், தாழ்நிலத்து டீசல் கடுங்குளிரில் மெழுகாகி வடிகட்டியை அடைத்துவிடும்.

ஸ்கீ காருக்குள் இருந்தால் கட்டாமல் விடக் கூடாது, திடீர் பிரேக்கில் முன்னே பாயும். கூரைத்தாங்கியில் வைத்தால் நுனி பின்னோக்கி இருக்கட்டும், முன்னோக்கிய நுனிக்கு அடியில் காற்று புகுந்து தூக்கும். கூரைச் சுமை வரம்பில் தாங்கியின் எடையும் பெட்டியின் எடையும் சேர்த்தி, வண்டியின் கையேட்டில் எண் இருக்கும். திறந்த தாங்கியில் சாலை உப்பு எட்ஜிலும் பைண்டிங்கிலும் படியும், உறை போடுங்கள், இல்லையேல் சேர்ந்ததும் வெறும் தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

ஜனவரி 5, திங்கள்

இரவில் பூட்ஸைக் காரில் விடக் கூடாது. குளிரில் பிளாஸ்டிக் இறுகிவிடும், காலே நுழையாது, மல்லுக்கட்டினால் உள்ளுறை கிழியும்.

ஸ்கீ அறையில் காவல் மெழுகைச் சுரண்டி, எட்ஜையும் துடைத்தாயிற்று. சுரண்டாமல் இறங்கினால் எட்ஜ் பிடிக்காது, முதல் பனிக்கட்டித் திருப்பத்திலேயே வழுக்கும். டின் எண் பழைய இடத்தில்தான் இருக்கிறதா என்று ஒரு பார்வை, பிரேக் கம்பி வளைந்திருக்கிறதா என்று ஒரு அழுத்தம். இத்தாலிப் பக்கம் சறுக்கிப்போகிறவர்கள் கவனிக்க: 2022 ஜனவரி 1 முதல் அங்கே மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு கட்டாயம்.

ஜனவரி 11, ஞாயிறு

திரும்பும் நாளில் எடை ஏறியிருக்கும், காரணம் ஈரம். நேற்று மாலையே உள்ளுறைகளைக் கழற்றி, ஹீட்டர் மேல் வைக்காமல் சற்றுத் தள்ளி உலர வைத்தாயிற்று. அதிகச் சூட்டில் நுரை சுருங்கிவிடும். ஸ்கீயைத் துடைத்து, எட்ஜில் மெழுகுக்கட்டியை வெறுமனே தேய்த்தால் பயணத்துக்குப் போதும். ஈரச் சட்டையைப் பைண்டிங்கில் சுற்றாதீர்கள், காய்ந்ததை மட்டும். வீடு சேர்ந்த அன்றே, எவ்வளவு களைப்பானாலும், பையை முழுதாகத் திறந்து ஸ்கீயை வெளியே எடுத்து, பைண்டிங்கைச் சுற்றிய துணியையும் பிரித்துவிட வேண்டும்.