பென்சிலால் எழுதிய எண்

“அப்படியென்றால் எதை மன்னித்தீர்கள் அண்ணே?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டு அன்றோடு மறந்திருப்பேன். லாரிகள் நிற்கும் இடத்தில், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் புதியவன் வழி கேட்பதைப் போலக் கேட்டான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “உள்ளே ஆள் காத்திருக்கிறது தம்பி” என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். உள்ளே யாரும் காத்திருக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. மலேசியாவில், பினாங்கின் பிறையில் இருந்த அந்தக் கம்பெனியை விட்டு நானும் வந்துவிட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சபையில் பரமண்டல ஜெபம் தொடங்கி, “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல” என்ற வரி வருவதற்குள் அவன் ஹெல்மெட்டோடு வந்து நின்றுவிடுகிறான்.

நடந்தது பெரிய கதை இல்லை. டோல், டீசல், கயிறு, பழுதுபார்ப்பு என்று அன்றாடச் சில்லறைச் செலவுக்கான பணப்பெட்டி என் பொறுப்பில் இருந்தது. அவன் கிடங்கில் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்ப்பவன். மாலையில் சீட்டுக் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பான். ஒரு திங்கட்கிழமை காலை பெட்டியில் 1,150 ரிங்கிட் குறைந்தது. கேட்டதுமே ஒப்புக்கொண்டான். அக்காள் கணவர் ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரனிடம், கடன் வாங்கி, இவனுடைய முகவரியைக் கொடுத்திருக்கிறார். தவணை தவறியதும் வீட்டுக் கேட்டில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பகலில் அம்மா தனியாக இருக்கும் வீடு. “சம்பளம் வந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன்” என்றான். எடுக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

“நீங்கள் ஜெபிக்கிறவர். என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணே.”

“என் மனத்தில் ஒன்றும் இல்லை தம்பி. உன்னை மன்னித்துவிட்டேன். ஆனால் அறிக்கை எழுதித்தான் ஆக வேண்டும்.”

அதற்குத்தான் அவன் அப்படிக் கேட்டான்.

எனக்காக நான் வாதாட வேண்டுமென்றால் வாதம் இருக்கிறது. எடுத்தது என் பணமல்ல. கம்பெனிப் பணத்தை மன்னிக்க நான் யார்? மூடி மறைத்திருந்தால் ஆண்டுக் கணக்கு பார்க்க வருகிறவர்கள் என் கழுத்தைத்தான் பிடித்திருப்பார்கள். தண்டனைச் சட்டத்தில் 408 என்று ஒரு பிரிவு இருக்கிறது: முதலாளியின் உடைமையை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஊழியர் அதைக் கையாடினால் ஓராண்டிலிருந்து 14 ஆண்டுவரை சிறை, பிரம்படி வேறு. அவனைப் போலீசுக்குக் கொண்டுபோகாமல் உள்விசாரணையோடு முடித்ததில் என் சொல்லுக்கும் பங்கு உண்டு. வேலை மட்டும்தான் போனது. இதை அந்த நாட்களில் மனைவியிடம் பலமுறை சொன்னேன். ஒருமுறை அவள், “சரி, நான் ஒன்றும் கேட்கவில்லையே” என்றாள்.

மன்னிப்பைப் பற்றிப் பேசும் போதகர்கள் மத்தேயு 18ஆம் அதிகாரத்துக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனை ராஜா விட்டுவிடுகிறார். அவன் வெளியே வந்ததும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். “வெறும் நூறு காசு” என்று பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு நாள் கூலி. நம் நாட்டில் மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து நாள் சம்பளம் கணக்கிடுகிறோம். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டுக்கு அது 65 ரிங்கிட் 38 காசு. நூறு நாளுக்கு 6,538 ரிங்கிட். எந்தத் தொழிலாளி அதை வெறும் காசு என்பான்? ஒரு தாலந்து சுமார் ஆறாயிரம் நாள் கூலி என்பதால், ராஜா விட்டுக்கொடுத்தது இதே கணக்கில் 392 கோடி ரிங்கிட்டைத் தாண்டும். அந்தத் தொகைக்கு முன்னால்தான் நூறு நாள் கூலி சிறியதாகத் தெரிகிறது. கடன்பட்டவனுக்கும் கொடுத்தவனுக்கும் அது சிறியதே அல்ல. இந்தக் கணக்கை எனக்குச் சாதகமாகத்தான் போட ஆரம்பித்தேன். 1,150 ரிங்கிட் ஒன்றும் சில்லறை இல்லை, மன்னிப்பு அவ்வளவு மலிவில்லை என்று காட்டுவதற்காக.

ஆனால் கணக்கு என்னை விடவில்லை. ‘கடன்’ என்ற சொல் கணக்கர்களுக்குப் பிடித்த சொல். லூக்காவில் அந்த இடத்தில் ‘பாவங்கள்’ என்று வருகிறது. மத்தேயுவில் கடன்தான். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஹோபா என்ற ஒரே சொல்தான் என்று வேதபாட வகுப்பில் கேட்டிருக்கிறேன். பாவத்தை மன்னித்தேன் என்று வாயால் சொல்லிவிடலாம், யாரும் ஏட்டைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. கடனைத் தள்ளுபடி செய்தால் அந்த நட்டம் யாராவது ஒருவருடைய ஏட்டில் ஏறியாக வேண்டும். வாராக்கடன் காற்றில் கரையாது. நான் மன்னித்ததாகச் சொன்ன அன்று என் ஏட்டில் ஒரு காசு ஏறவில்லை. அந்த மாதம் என் காருக்கு நான்கு டயர் மாற்றினேன். கிட்டத்தட்ட அதே தொகை. பழைய டயர்கள் இன்னும் ஓரிரு மாதம் தாங்கியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்பு அவன் என்னிடம் முன்பணம் கேட்டிருந்தான். “நம் கம்பெனியில் அப்படி வழக்கமில்லை தம்பி” என்று சொல்லிவிட்டேன். மேலாளரிடம் கேட்கக்கூட இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு முந்தைய மாதச் சம்பளத்தின் அளவுக்கு முன்பணம் கொடுக்க இடம் தருகிறது. எனக்குத் தெரியாத சட்டமல்ல. மாதந்தோறும் நான் புழங்கும் சட்டம்.

இதுவரை சொன்னதையெல்லாம் நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். “நீங்கள் செய்தது சரிதான்” என்பார்கள், கேட்டுக்கொண்டு வருவேன். இனிச் சொல்லப்போவதை அவர்களிடம் சொன்னதில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பே இரண்டு தடவை பெட்டியில் ஐம்பது, எண்பது என்று இடித்திருந்தது. அவன்மீது சந்தேகம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவன் சீட்டுக் கட்டோடு வந்தபோது பெட்டியின் சாவியை மேசையின் மேல் இழுப்பறையில் போட்டேன். இழுப்பறையைப் பூட்டவில்லை. எப்போதும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகும் சாவி. அவன் பார்த்தானா என்று நான் பார்த்தேன். அவன் கீழே போனதும் பெட்டியைத் திறந்து எண்ணி, தொகையை என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்தேன். வெள்ளிக்கிழமை எண்ணும் பழக்கம் எனக்கு இல்லை. மாதக் கடைசியில்தான் எண்ணுவேன். திங்கட்கிழமை பையைக்கூடக் கீழே வைக்காமல் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தேன். குறைந்திருப்பதைக் கண்டதும் எனக்கு ஏற்பட்டது வருத்தம் அல்ல. விடை சரியாக வந்த மாணவனின் திருப்தி.

விசாரணையில், “சாவி வழக்கமாக எங்கே இருக்கும்?” என்று மலாயில் கேட்டார்கள். “சில சமயம் மறந்து இழுப்பறையில் விட்டுவிடுவேன்” என்றேன். அவன் எதிரே உட்கார்ந்திருந்தான். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமலிருந்திருக்கலாம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், மறதிக்காக.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் விருந்தில் உடன் வேலை செய்தவர்கள் வழக்கம்போலக் கைகுலுக்கி, “மாஆஃப் ஸாஹிர் டான் பாத்தின்” என்றார்கள். வெளியே தெரிந்து செய்த பிழைக்கும் உள்ளே செய்த பிழைக்கும் மன்னிப்பு. எத்தனையோ ஆண்டுகளாக நானும் திருப்பிச் சொல்லி வந்த வாழ்த்து. அன்று ‘பாத்தின்’ தொண்டையில் நின்றது.

என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். திருமணத்துக்குப் பிறகு என் சபைக்கு வந்தாலும், ஜூலை மாதத் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்துக்குப் போகாமல் இருக்க மாட்டாள். போன ஆண்டு நானும் போனேன். தமிழ்த் திருப்பலியில் அந்த ஜெபம் வந்தது. நான் பழக்கத்தில் “கடனாளிகளுக்கு” என்று ஆரம்பித்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் வேறு சொன்னார்கள்: “எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும். எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்.”

பொறுப்பது. சுமப்பதற்கும் நாம் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம். நான் எதையும் சுமக்கவில்லை என்று ஏற்கெனவே கணக்குப் பார்த்து வைத்திருந்தேன், அதனால் அந்தச் சொல் என்னை அவ்வளவாகத் தாக்கவில்லை. ‘விழவிடாதேயும்’தான் தாக்கியது. எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் “சோதனைக்குட்படப்பண்ணாமல்” என்று இருக்கிறது. தேவனே ஒருவனைச் சோதனைக்குள் தள்ளுவாரா என்று வேதபாடத்தில் வாக்குவாதம் வரும். ஒருவர் ஆபிரகாமைச் சோதித்ததைக் காட்டுவார். இன்னொருவர் யாக்கோபு நிருபத்தை எடுத்து, “ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல” என்று வாசிப்பார். மூலத்தில் உள்ள பெய்ராஸ்மோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பரீட்சை, பாவத்துக்கு இழுப்பு என்ற இரு பொருளும் உண்டு, நம் ‘சோதனை’யைப் போலவே. திரும்பி வரும் வழியில் மனைவி சொன்னாள்: 2017இல் போப் பிரான்சிஸ் இந்த வரியைப் பற்றிப் பேசியிருக்கிறார். விழுகிறவன் நான்தான், நான் எப்படி விழுகிறேன் என்று பார்ப்பதற்காகக் கடவுள் என்னைத் தள்ளிவிடுவதில்லை, ஒரு தந்தை அப்படிச் செய்ய மாட்டார், உடனே தூக்கிவிடுவார் என்ற பொருளில். அதன் பிறகு இத்தாலியத் திருப்பலி நூலில் அந்த வரியையே மாற்றிவிட்டார்களாம்.

எப்படி விழுகிறான் என்று பார்ப்பதற்காக. நான் ஒன்றும் பேசாமல் காரை ஓட்டினேன்.

வனாந்தரத்தில் இயேசுவிடம் வருகிற பிசாசுக்கு மத்தேயு ஒரு பெயர் வைக்கிறார்: சோதனைக்காரன். எத்தனையோ முறை வாசித்த பெயர். சரக்கைச் சோதிப்பவர், சுங்கச் சோதனை, கணக்குச் சோதனை என்று எங்கள் தொழிலில் அந்தச் சொல் நாள் முழுவதும் புழங்கும், அதில் ஒரு குற்றமும் இல்லை. பொறுப்பில் உள்ளவன் சோதிக்கத்தான் வேண்டும். சந்தேகம் வந்தால் சாவியை இறுக்கிப் பிடிப்பதும் ஒரு வழி, கூப்பிட்டு “தம்பி, எண்பது ரிங்கிட் இடிக்கிறதே, ஏதாவது கஷ்டமா?” என்று கேட்பதும் ஒரு வழி. நான் இரண்டையும் செய்யவில்லை. ஞாயிறு காலை எனக்குச் செய்ய வேண்டாம் என்று கெஞ்சுவதை வெள்ளி மாலை அவனுக்குச் செய்தேன்.

இப்படி எழுதும்போது அழகாக இருக்கிறது. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கொடுக்கிறது. திறந்த இழுப்பறை அவன் கையை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அதே இழுப்பறையைத் தாண்டித் துப்புரவு செய்யும் அம்மாள் தினமும் போனார், ஒன்றும் குறையவில்லை. என் குற்றத்தைப் பெரிதாக்கி அவன் குற்றத்தை நானே விழுங்கிவிடுவதும் ஒருவகைத் தற்பெருமையோ என்று தோன்றுகிறது. அடுத்த நாளே அது வெறும் சாக்கு என்றும் தோன்றுகிறது.

“போய் அவனிடம் சொல்லிவிடுங்கள்” என்றாள் மனைவி. பென்சில் எண்ணைப் பற்றி அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சொன்னால் அவனுக்கு என்ன லாபம்? பழைய புண்ணில் புதிதாக ஒரு முள். என் பாரத்தை இறக்கிவைக்க அவன் தோளைத் தேடுகிறேனா?

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை போனேன். வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்ல ஏற்பாடு செய்துகொண்டுதான் போனேன். கேட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். கீழ்ப்பகுதியில், வண்ணம் உரிந்த இடத்தில், சிவப்பு தெரிந்தது. அவன் இல்லை. தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட், இரவு பதினொன்றுக்குத்தான் வருவானாம். அம்மாதான் இருந்தார். பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொண்டுவந்தார்.

“நீங்கள் அன்றைக்கே மன்னித்துவிட்டீர்களாமே ஐயா. தம்பி சொன்னான். வேலையை எடுத்தது கம்பெனி, அண்ணன் இல்லை அம்மா என்றான்.”

நான் தலையை ஆட்டினேன்.

“அவன் வரும்வரை இருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்” என்றார்.

மணி ஆறரைதான் ஆகியிருந்தது. மைலோ சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்துவிட்டு எழுந்தேன்.